சபை நோய்

என் அண்ணன் நுமேரியுஸுக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. வரும்போது ஒரு கத்து கத்துவான். கட்டை மாதிரி விறைத்து விழுவான். நாக்கைக் கடித்துக்கொள்வான், அப்புறம் கை கால் இழுக்கும். எழுந்த பிறகும் அரை நாள் நான் யாரென்று தெரியாமல் முழிப்பான். இத்தனையும் படுகிறவன் அவன். வாயில் வழியும் ரத்தத்தைத் துடைத்து, நனைந்த துணியை மாற்றி, தலை தரையில் மோதாமல் மடியில் தாங்குகிறவள் நான். ஆனால் எங்கள் ரோமில் இந்த நோய்க்கு என்ன பேர் தெரியுமா? சபை நோய்! ஓட்டுப் போடுகிற சபையில் ஒருவன் வலிப்பு வந்து விழுந்தால் தெய்வத்துக்கு அந்தச் சபை ஆகவில்லை என்று அர்த்தமாம். உடனே கலைத்துவிட வேண்டுமாம். அதனால் அந்தப் பேர். விழுந்தவன் பிழைத்தானா போனானா என்று ஒருத்தருக்கும் கவலை கிடையாது. பெரிய மனிதர்களின் கூட்டம் கெட்டுப் போச்சே, அதுதான் கவலை. இப்படிப் பேர் வைத்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்தால் கரண்டியாலேயே நாலு போடுவேன்.

என் பேர் ஓர்பியா. சபை கூடுகிற மன்றத்தின் ஓரத்தில், கோயில் படிக்கட்டுக்குக் கீழே, அவித்த கொண்டைக்கடலை விற்கிறேன். எனக்குத் தொண்டை கொஞ்சம் பெரிது. வாய் அதைவிடப் பெரிது என்று சொல்கிறவர்களும் உண்டு, சொல்லிவிட்டுப் போகட்டும். அண்ணன் எண்ணெய் விளக்கு செய்கிறான். குயவன் சக்கரம் சுழல்வதைப் பார்த்தால் வலிப்பு வந்துவிடும் என்பதால் அந்தப் பக்கமே போகமாட்டான். அச்சில் களிமண்ணை அமுக்கி, விளிம்பைச் சீவி, வரிசையாகக் காய வைப்பான். கை அவ்வளவு சுத்தம். எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் நாங்கள் இரண்டு பேரும்தான் இருக்கிறோம்.

அவனுக்கு வயது முப்பத்தெட்டு. ரோமானியக் குடிமகன். அப்பாவும் குடிமகன், தாத்தாவும் குடிமகன். ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஓட்டு நாள் அறிவித்தால் போதும், எங்கள் ஓட்டுப் பிரிவான எஸ்குவிலினாவின் நாட்டாமை மெட்டியுஸ் முதல் நாளே மாடி ஏறி வந்து நிற்பான். "நாளைக்கு மட்டும் வெளிய வராத ராசா" என்பான். அண்ணனும் சரி என்பான். ஆனால் மறுநாள் காலை எழுந்து, துவைத்துச் சுண்ணாம்பு போட்டு வெளுத்து வைத்திருக்கும், குடிமகன் மட்டும் போர்த்துகிற டோகாவை எடுத்து மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே முக்காலியில் உட்கார்ந்திருப்பான். சபை முடிந்து ஆட்கள் தெருவில் பேசிக்கொண்டு திரும்புகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பான். அப்புறம் அவிழ்த்து மடித்து வைப்பான். இருபது வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. மலையிலிருந்து கல் வாய்க்காலில் வருகிற தண்ணீர் எங்கள் தலைக்கு மேலேதான் போகிறது, காது கொடுத்தால் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் எங்கள் தெருமுனைத் தொட்டியில் கோடையிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏன் இல்லை? கல்வென்டியுஸ் என்கிற பெரிய மனிதர் மேட்டில் தோட்டம் போட்டிருக்கிறார். வாய்க்காலில் ஓட்டை போட்டு ஈயக் குழாய் சொருகி, மீன் வளர்க்கும் குளத்துக்கு இரவும் பகலும் தண்ணீர் விடுகிறார். அந்த மீன்களுக்குப் பேர் எல்லாம் வைத்திருக்கிறாராம், கூப்பிட்டால் வருமாம். நாங்கள் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு டைபர் ஆற்றுக்குப் போய் வர வேண்டும், அந்த மேட்டை ஏறி இறங்கி. மீனுக்குக் குளியல், எங்களுக்குக் குறுக்கு வலி.

எளிய ஜனங்களுக்காகப் பேச வருஷா வருஷம் தேர்ந்தெடுக்கும் மக்கள் காவலர் பதவியில் அப்போது இருந்த டெர்டினியுஸ்தான் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார். பொது வாய்க்காலில் அனுமதி இல்லாமல் சொருகிய குழாய் யாருடையதாக இருந்தாலும் பிடுங்கி அடைக்க வேண்டும் என்று. எட்டு நாளுக்கு ஒரு சந்தை, முறைப்படி அப்படி மூன்று சந்தை நாள் பலகையில் எழுதி வைத்தார்கள். அண்ணன் அதைப் போய் முழுசாகப் படித்துவிட்டு வந்தான். வந்ததும் டோகாவை எடுத்து ஊற வைத்தான். "இந்தத் தடவ நான் போறேன் ஓர்பியா" என்றான்.

ஓட்டுக்கு முதல் நாள் வழக்கம்போல மெட்டியுஸ் வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வந்தால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

"ஓர்பியா, உன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்த..."

"அந்த வார்த்த என்னன்னு எனக்குத் தெரியும். வந்த வழியே போ."

"தண்ணி விஷயம்மா இது! தெருவே இத நம்பிக் கெடக்கு. இவன் போய் நடுவுல விழுந்து வச்சான்னா எல்லாம் போச்சு. உனக்குந்தானே தண்ணி வேணும்?"

"ஏன் நாட்டாமை, போன தடவ நீ மூக்கு முட்டக் குடிச்சுட்டு சபை நடுவுல வாந்தி எடுத்தியே, அது மட்டும் தெய்வத்துக்கு ஆச்சா?"

"அதுக்குச் சட்டம் கெடையாதே" என்றான் மெட்டியுஸ். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னான், அந்த முட்டாள்.

அண்ணன் விளக்கு அச்சைக் கீழே வைத்துவிட்டு வந்தான். "நாட்டாமை, எனக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். எடது கை வெரல் மரத்துப்போகும். அதுக்கப்புறம் நூறு எண்ணுற நேரம் இருக்கு. வெரல் மரத்தா எந்திரிச்சு வெளிய போயிருவேன். சபைக்கு ஒண்ணும் ஆகாது."

"நூறு எண்ணுறதுக்குள்ள வந்துட்டா?"

"முப்பது வருஷமா எண்ணிட்டு இருக்கேன்யா" என்றான் அண்ணன்.

மெட்டியுஸ் மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஏறி வந்தவன் டாமா. கல்வென்டியுஸ் வீட்டுக் காரியக்காரன். பத்து வருஷத்துக்கு முன்னால் அடிமை, அவர் விடுதலை கொடுத்ததும் எங்கள் பிரிவிலேயே பேர் பதிந்தவன். டோகா உடுத்தினால் அதில் ஒரு தூசி படக்கூடாது, நடக்கும்போதே ஓரத்தை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். மெட்டியுஸ் அவனைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நுமேரியுஸ்! நாளைக்குச் சபைக்கு வர்றீங்கல்ல?" என்றான் டாமா, இளித்துக்கொண்டு. "வரணும். நீங்க ரோமானியக் குடிமகன். ஓட்டு உங்க உரிம. உங்களத் தடுக்க இவனுங்க யாரு? எங்க ஐயா உங்களுக்காகப் பல்லக்கே அனுப்புறேன்னாரு. நேரா சபை நடுவுல எறக்கி விட்டுருவோம்."

இருபது வருஷமாக யாராவது ஒருத்தர் வாயிலிருந்து இந்த வார்த்தைகள் வரவேண்டும் என்று காத்துக் கிடந்தேன். வந்தது யார் வாயிலிருந்து பாருங்கள்! எனக்கு அப்படியே ரத்தம் கொதித்தது.

"பல்லக்குல வேற என்னய்யா இருக்கும்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தாயி. மெத்த போட்டிருக்கும். கொஞ்சம் வாசனப் பொக..."

அவன் இடுப்பில் ஒரு துணிப்பை தொங்கியது. சட்டென்று பிடித்து இழுத்தேன், முடிச்சு அவிழ்ந்து இரண்டு கறுப்புக் கல் தரையில் உருண்டது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடிமைச் சந்தையில் ஆளை வாங்குவதற்கு முன்னால் இந்தக் கல்லைக் கொளுத்தி மூக்கருகே புகை காட்டுவார்கள். வலிப்பு இருக்கிறவன் என்றால் அந்தப் புகையில் விழுந்துவிடுவான், விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று. என் அண்ணனைப் பல்லக்கில் பூட்டி, புகை போட்டு, சபை நடுவில் கொண்டுபோய்க் கொட்டப் பார்த்திருக்கிறார்கள்!

"அட படுபாவி! ஒனக்கு மனசாட்சி இருக்கா? நீயும் அந்தச் சந்தையில நின்னவன்தானே? ஒன் மூக்குலயும் காட்டியிருப்பானுங்களே இந்தப் பொகய!"

டாமா முகம் ஒரு நொடி வாடியது. ஒரே நொடிதான். உடனே டோகா ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பேச்ச அளந்து பேசு, கடலக்காரி" என்றான். கல் இரண்டையும் ஜன்னல் வழியாக வீசினேன். அவனைப் படிக்கட்டு வழியாக அனுப்பினேன். எப்படி அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு வசவு இருந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மெட்டியுஸ் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"இவரு வராதேன்னு சொல்றாரு, அவன் வான்னு சொல்றான்" என்றான் அண்ணன். "ரெண்டு பேரும் பேசுறது என் வலிப்புகிட்ட. என்கிட்ட யாருமே பேசலயே."

அந்த நேரத்தில் நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "அண்ணே, இந்த ஒரு தடவ மட்டும் வீட்டுல இரேன். தண்ணி வரட்டும். அடுத்த தடவ நானே ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். ஊரே சொன்ன வார்த்தை என் வாயிலிருந்தும் வந்தது. நாள் தவறாமல் குடம் தூக்கிய இடுப்பு அப்படிப் பேச வைத்தது. அவன் திட்டவில்லை. எழுந்து போய் வெளுத்த டோகாவின் மடிப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மெட்டியுஸ் பக்கம் திரும்பினேன். "நாட்டாமை, என் அண்ணன் வருவான். என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறோம். வராதேன்னு மட்டும் சொன்னா, அந்தத் தொட்டியில தண்ணி வந்தாலும் ஒன்ன அதுலயே முக்குவேன்."

பேரம் நடந்தது. மீன் சந்தையில்கூட அப்படி நடக்காது. கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான். எங்கள் பிரிவைக் கூப்பிடும்வரை அண்ணன் சபைக்கு எல்லையாகக் கட்டும் கயிற்றுக்கு வெளியே என் கடலைக் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கயிற்றுக்குள் போகும்போது இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு அசைவு தெரிந்தாலும் வெளியே தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். எல்லாரும் ஓட்டுப் போட்ட பிறகு கடைசி ஆளாகப் போட வேண்டும். திருடனைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி! நான் முடியாது என்று கத்தினேன். அண்ணன் என் தோளைத் தொட்டு, "போதும், ஒத்துக்கோ. எனக்கு ஓட்டுப் போடுற அந்தப் பாலத்துல ஏறணும், அவ்வளவுதான்" என்றான்.

விடிந்ததும் மன்றம் நிரம்பிவிட்டது. டெர்டினியுஸ் மேடையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தனி ஆசனத்தில் சகுனம் பார்க்கும் புரோகிதர். அவர் கல்வென்டியுஸின் மனைவிக்குக் கூடப்பிறந்தவர் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் அதை யாரும் சொல்லக்கூடாது, தெய்வக் குற்றமாம். கயிறு கட்டிப் பிரித்த தடுப்புகளிலிருந்து சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பிரிவின் ஆட்கள் ஒவ்வொருவராக ஒடுக்கமான பலகைப் பாலத்தில் ஏறி, மெழுகு பூசிய சிறு பலகையில் ஒரு எழுத்துக் கீறி, மறுமுனையில் இருக்கும் கூடையில் போட்டு இறங்கினார்கள். சட்டம் வேண்டும் என்றால் ஒரு எழுத்து, பழையபடியே கிடக்கட்டும் என்றால் இன்னொரு எழுத்து. பாலத்தை ஏன் அவ்வளவு ஒடுக்கமாக வைத்திருக்கிறார்கள் என்றால், ஏறுகிறவன் கையில் என்ன எழுதினான் என்று எந்தப் பெரிய மனிதரும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது என்றுதான். அந்த ஒரு வேலையைத்தான் இந்த ஊரில் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

மொத்தம் முப்பத்தைந்து பிரிவு. பதினெட்டு சேர்ந்துவிட்டால் சட்டம் நிறைவேறிவிடும். முதல் பிரிவு சரி என்றது. அடுத்தது சரி. பத்தாவதும் சரி. என் கடையில் கடலை வாங்க வந்தவர்கள் வாங்க மறந்து நின்றார்கள். பதினேழு பிரிவு முடிந்து பதினேழும் சரி! அடுத்துச் சீட்டில் வந்த பேர் எஸ்குவிலினா. எங்கள் பிரிவு!

அண்ணன் எழுந்தான். வெளுத்த டோகா வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. "வெரல்?" என்றேன். விரல் பத்தையும் என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிச் சிரித்தான். மெட்டியுஸ் அனுப்பிய இரண்டு தடியர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்குள் கூட்டிப் போனார்கள். வரிசை நகர்ந்தது. கசாப்புக் கடைக்காரன் ஏறி இறங்கினான், நாவிதன் ஏறி இறங்கினான், மெட்டியுஸ் ஏறி இறங்கினான். கடைசியாக அண்ணன் கையில் பலகையைக் கொடுத்தார்கள். நான் இங்கிருந்தே பார்த்தேன். எழுத்தாணியைப் பிடித்து நிதானமாகக் கீறினான். பாலத்தில் ஒரு காலை வைத்தான்.

"சபை நோய்! சபை நோய்!"

யாரோ அலறினார்கள். அடுத்த கணம் கூட்டம் மொத்தமும் என் அண்ணன் பக்கம் திரும்பியது. பிடித்திருந்த இரண்டு தடியர்களும் தூக்கிக்கொண்டு ஓடுவதாகச் சொன்னவர்கள்தானே, கையை உதறிவிட்டுத் தாங்கள் மட்டும் ஓடினார்கள். கூட்டம் துப்பியது. வலிப்புக்காரனைக் கண்டால் நோய் நம்மேல் வராமல் இருக்க மூன்று தடவை துப்புவது எங்கள் ஊர் வழக்கம். பக்கத்தில் இருந்தவர்கள் அவன்மேலேயே துப்பினார்கள். எங்கள் தெருக்காரர்கள்! அவன் செய்த விளக்கு வெளிச்சத்தில் சாப்பிடுகிறவர்கள்!

"நான் நிக்கிறேனே!" என்றான் அண்ணன். வெளுத்த டோகாவெல்லாம் எச்சில். "பாருங்கய்யா, நான் நின்னுட்டுத்தானே இருக்கேன்!"

ஒருத்தனும் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருக்கிற ஒரு மனுஷனை விழுந்துவிட்டான் என்று துப்புகிற ஜனங்களை என்ன சொல்ல?

விழுந்தவன் வேறு ஒருத்தன். ஓட்டுப் போட்டு முடித்தவர்கள் நின்ற இடத்தில், மேடைக்கு நேர் முன்னால், கை கால் உதறிக்கொண்டு கிடந்தான். எட்டிப் பார்த்தேன். டாமா! ஆளைப் புகை போட்டு விழ வைக்க முடியவில்லை என்றதும் தானே விழுந்துவிட்டான்.

தன் வலிப்பு எப்படி இருக்கும் என்று என் அண்ணனுக்கே தெரியாது. அவன் அதைப் பார்த்ததே இல்லையே. இந்த ரோமில் அதைத் தலைமாட்டில் உட்கார்ந்து முப்பது வருஷம் பார்த்தவள் நான் ஒருத்திதான். நிஜ வலிப்பில் கண் திறந்து கிடக்கும், வெள்ளை மட்டும் தெரியும். இவன் கண்ணை இறுக்க மூடியிருந்தான். நிஜத்தில் உதடு நீலம் பாரிக்கும். இவன் கன்னம் ஆப்பிள் மாதிரி சிவந்திருந்தது. வாயில் நுரை இருந்தது, ஆனால் வண்ணான் துணி வெளுக்கும் காரத்தின் நுரை, அதில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கையை உதறுகிற உதறலில் டோகா ஓரம் புழுதியில் படப்போனது. இழுத்து மடியில் சொருகிக்கொண்டான்! வலிப்பு வந்தவன்!

"பொய்! பொய்யா விழுந்து கெடக்கான்!" என்று கத்தினேன். என் தொண்டைக்கு மன்றம் முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் பெண் பேச்சு சபையில் ஏறாது. முன்னால் நின்றவன் திரும்பி, "சும்மா இரு, ஒனக்கென்ன தெரியும்" என்றான். எனக்கென்ன தெரியுமா!

அடுப்பிலிருந்து ஒரு பெரிய கரண்டி கடலைத் தண்ணீரை மொண்டேன். கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினேன். பின்னால் யாரோ என் முந்தியைப் பிடித்து இழுத்தார்கள், கிழிந்தது, கிழியட்டும். நேராக டாமாவின் காலடியில் போய் நின்றேன்.

"யோவ், கண்ணத் தெற!"

இன்னும் வேகமாக உதறினான். கரண்டியை அவன் பாதத்தில் கவிழ்த்தேன். தோல் வெந்துபோகாது, ஆனால் பொறுக்க முடியாத சூடு.

"ஐயோ அம்மா!" என்று இரண்டு முழ உயரத்துக்குக் குதித்தான் டாமா. ஒற்றைக் காலில் நின்று, சுட்ட காலைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினான். தெளிவான லத்தீனில், ஒரு எழுத்துக் குளறாமல்.

மன்றம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மேடையில் டெர்டினியுஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் தெரு ஆட்கள் விசில் அடித்தார்கள். டாமா கூட்டத்துக்குள் புகுந்து நொண்டிக்கொண்டே ஓடினான். "சரி சரி, நோயாளி பொழச்சுட்டாரு! ஓட்டு நடக்கட்டும்!" என்று டெர்டினியுஸ் கையை உயர்த்தினார்.

அப்போது சகுனப் புரோகிதர் எழுந்து நின்றார். முக்காட்டைச் சரிசெய்தார். "இன்னொரு நாள்" என்றார்.

இரண்டே வார்த்தை. அவர் அதைச் சொல்லிவிட்டால் சபை கலைந்தது என்று அர்த்தம். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"ஐயா, அது பொய்யின்னு எல்லாரும் பாத்தாங்களே!" என்றார் டெர்டினியுஸ்.

"உண்மையா பொய்யாங்கறது என் வேல இல்ல" என்றார் புரோகிதர், ஒரு அவசரமும் இல்லாமல். "சபையில நோய்னு குரல் எழுந்துச்சு, என் காதுல விழுந்துச்சு, நான் அறிவிச்சுட்டேன். அறிவிச்சது அறிவிச்சதுதான். தெய்வத்துகிட்டப் போய் அது நடிப்புன்னு சொல்ல முடியுமா? அதுவும் போக, ஒரு பொம்பள கயிறு தாண்டி உள்ள வந்திருக்கா. அது ரெண்டாவது குத்தம்."

"குத்தமா!" என்று கத்தினேன். "பொய்யா விழுந்தவன் செஞ்சது ஒண்ணுமில்ல, பொய்யின்னு காட்டுன நான் செஞ்சது குத்தமா? ஏன் சாமி, ஒங்க மச்சான் வீட்டு மீனுங்க சொல்லிச்சா ஒங்களுக்கு இந்தச் சகுனத்த?"

காவலர்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார்கள். புரோகிதர் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கிப் போய்விட்டார்.

இன்னொரு நாள் என்றால் எந்த நாள்? வரப்போகிற நாளெல்லாம் திருவிழா, விளையாட்டு. அது முடிந்து மறுபடி மூன்று சந்தை நாள் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அதற்குள் டெர்டினியுஸின் பதவிக்காலம் முடிந்துவிடும். கல்வென்டியுஸுக்கும் அவர் மச்சானுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பதினேழு பிரிவு ஜனங்கள் விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்று போட்ட ஓட்டைக் கூடை கூடையாகக் கவிழ்த்து, பலகைகளை மூட்டையாகக் கட்ட ஆரம்பித்தார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கலைந்து போனார்கள். முனகிக்கொண்டே போனார்கள். மெட்டியுஸ் என் பக்கத்தில் வந்து, "நீ கயிறு தாண்டாம இருந்திருந்தா ஏதாச்சும் பேசிப் பாத்திருக்கலாம்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டி வெறுமையாக இருந்தது அவன் அதிர்ஷ்டம். இன்னொருத்தி, தினமும் என்னோடு ஆற்றுக்கு வருகிறவள், "ஒங்க அண்ணன் வந்ததாலதான் அவனுக்கு அந்த யோசனையே வந்துச்சு" என்றாள். குழாய் சொருகியவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழுந்தவனைச் சொல்லவில்லை. புரோகிதரைச் சொல்லவே பயம். விழாமல் நின்ற என் அண்ணனைச் சொன்னார்கள்.

அவனைத் தேடினேன். பாலத்தில் இருந்தான். இறங்கவே இல்லை. எச்சில் காய்ந்த டோகாவோடு, பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்து போய்க் கூடைக் காவலன் முன்னால் நின்றான். நான் ஓடிப்போய்ப் பாலத்துக்குக் கீழே நின்றேன்.

"எறங்குப்பா, எல்லாம் முடிஞ்சுது" என்றான் காவலன்.

"என் ஓட்டு இருக்கு."

"சபையே கலைஞ்சாச்சு. ஓட்டுன்னு ஒண்ணு கெடையாது. பலகையக் குடு, அடுத்த தடவைக்கு வேணும்."

காவலன் அவன் கையிலிருந்து பலகையை வாங்கினான். கட்டை விரலால் மெழுகை ஒரு தேய்ப்புத் தேய்த்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அது அவன் வேலை, நாள் முழுக்க அதைத்தான் செய்கிறான். முப்பத்தெட்டு வயசு வரைக்கும் காத்திருந்து எழுதிய ஒரு எழுத்து ஒரே தேய்ப்பில் போனது.

"இங்க குடு" என்றான் அண்ணன். காவலன் யோசிப்பதற்குள் பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பாலத்திலேயே கால் மடக்கி உட்கார்ந்தான். நகத்தால் மெழுகு முழுவதையும் சுரண்டி எடுத்தான். அடியில் வெறும் மரம் தெரிந்தது. எழுத்தாணியை இரண்டு கையாலும் பிடித்து மரத்தில் அழுத்தினான். நார் நாராக உரிந்து வந்தது. ஒரு கோடு இழுத்தான், இன்னொரு கோடு இழுத்தான், இரண்டும் சேரும் இடத்தில் மறுபடி மறுபடி தோண்டினான். சரி என்கிற எழுத்து விரல் நுழைகிற ஆழத்துக்கு மரத்தில் இறங்கியது.

"யோவ் யோவ், என்ன பண்ற! அது அரசாங்கச் சொத்துய்யா! இத எப்படித் தேய்க்கிறது?"

"தேய்க்க முடியாது" என்றான் அண்ணன். தூளை ஊதினான். கூடையின் மூடியைத் தானே திறந்து பலகையை உள்ளே போட்டு மூடினான்.

காவலன் தலையில் அடித்துக்கொண்டான். "இதுக்கு நான் பதில் சொல்லணும். புகார் எழுதணும். பேரச் சொல்லு."

"எழுதிக்கோ. நுமேரியுஸ் ஓர்பியுஸ். எஸ்குவிலினா பிரிவு" என்று என் அண்ணன் மன்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "ஓட்டுப் போட்டான்னு எழுது."